விண்டோஸை விடலாமா? முதலில் பிரிண்டரைக் கேளுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பினாங்கில் கொம்தார் பக்கத்துக் கணினிக் கடையாகட்டும், கோலாலம்பூர் லோ யாட்டாகட்டும், பழைய லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் கேட்பது ஒன்றுதான்: "நல்லாத்தானே ஓடுது, புதுசு வாங்கியே ஆகணுமா? லினக்ஸ் போட்டாப் போதும்னு சொல்றாங்களே?"

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் செய்யும் வேலை முழுவதும் குரோம் போன்ற உலாவிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்றால், விண்டோஸுக்குப் பதில் இலவசமாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸுக்குத் தாராளமாக மாறலாம். கணக்கு மென்பொருளையோ, பழைய தமிழ் எழுத்துருக்களில் செய்து வைத்த கோப்புகளையோ நம்பித் தொழில் நடத்துகிறவர் மாறக் கூடாது. நடுவில் நிற்பவர்களுக்கு மேசையோரத்தில் தூசி படிந்து கிடக்கும் பிரிண்டர்தான் விடை சொல்லும். நிரலை எவரும் பார்த்து மாற்றலாம் என்கிற திறமூலம் தரும் சுதந்திரம், பெருநிறுவனங்களின் பிடி என்பதெல்லாம் நல்ல பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை இரவு பிள்ளையின் பயிற்சித்தாளை அச்சிட்டுத் தர வேண்டியவருக்கு அதற்கு நேரமில்லை.

மாறத்தான் வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைச் செயலி, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து மேலே, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி. இன்டெல் தலைமுறையைச் செயலியின் பெயரிலேயே படித்துவிடலாம். ஐ5-7200யூ என்றால் கோட்டுக்கு அடுத்து வரும் 7 தான் தலைமுறை, உள்ளே விடமாட்டார்கள். ஐ5-8250யூ என்றால் 8, போகலாம். அந்த எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: 10400 என்றால் பத்தாம் தலைமுறை.

8-ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட கணினியிலும் "உங்கள் கணினி தகுதி பெறவில்லை" என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். பல கணினிகளில் டிபிஎம் இருக்கும், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் பலகைகளில் அதற்கு பிடிடி என்று பெயர், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதைத் திறந்துவிட்டால் விண்டோஸ் 11 தானே வந்து உட்காரும். ஒரு சுவிட்ச் வேலைக்கு இயங்குதளத்தையே மாற்றுவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

ஏழாம் தலைமுறைக்காரர்களுக்கு அந்த வழி இல்லை. இன்டெல் 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஆலை திறந்தது. பழைய மேசைக் கணினிச் செயலியைக் கழற்றிப் பார்த்தவர்கள் அதன் உலோக மூடியில் 'மலாய்' என்று பொறித்திருப்பதைக் கண்டிருப்பார்கள். நம்மூரில் பொருத்திச் சோதித்து அனுப்பிய சில்லு, இன்றும் கூட்டல் கழித்தலில் பிசகாத சில்லு, தலைமுறை எண் ஒன்று குறைவு என்பதற்காக வாசலில் நிறுத்தப்படுகிறது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

முடிவெடுக்க அவகாசம் வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திருத்தங்கள் தருகிறது. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்ய வேண்டும். அதற்கு மேலும் திருத்தம் இல்லாமல் ஓட்டிக்கொண்டு அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது நல்லதல்ல.

"லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப் பறக்கும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதிதான் உண்மை. திரையில் ஒன்றும் திறக்காமல் சும்மா இருக்கும்போது லினக்ஸ் விண்டோஸைவிடக் குறைவான நினைவகத்தைத்தான் பிடிக்கும். ஆனால் குரோமில் பத்துத் தாவல்களைத் திறந்தால், குரோம் எந்த இயங்குதளத்திலும் ஒரே பசிக்காரன்தான். 4 ஜிபி உள்ள கணினி எதைப் போட்டாலும் மூச்சு வாங்கும். இன்னும் சுழலும் வட்டு வைத்திருக்கிறீர்கள் என்றால், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றுவதால் கிடைக்கும் வேகம் எந்த இயங்குதளத்தாலும் கிடைக்காது. நம் ஊர் வெக்கையில் ஐந்தாறு ஆண்டு ஓடிய லேப்டாப்பின் விசிறியில் தூசி அடைத்திருக்கும், செயலிக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவிலுள்ள பசை காய்ந்திருக்கும். சூடேறியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யாமல் லினக்ஸ் போட்டுவிட்டு "இதுவும் ஸ்லோதான்" என்று சலித்துக்கொள்வதில் நியாயமில்லை. எஸ்எஸ்டி, 8 ஜிபி நினைவகம், விசிறிச் சுத்தம் மூன்றையும் முடித்துவிட்டு இயங்குதளத்தைப் பற்றி யோசியுங்கள்.

எந்த லினக்ஸ் என்று கேட்டால், புதியவருக்கு லினக்ஸ் மின்ட் என்பேன். அதன் 22 வரிசை, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை திருத்தங்கள் வரும். 8 ஜிபி இருந்தால் சின்னமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மற்ற வகைகளின் சண்டையில் இறங்க வேண்டாம்.

இனி எது நடக்கும், எது நடக்காது. வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ், ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் ஐ-அக்காவுன், வங்கித் தளங்கள், பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் தளமான டெலிமா, வாட்ஸ்அப் வெப், கூகுள் டாக்ஸ் எல்லாம் உலாவிக்குள் ஓடுபவை. உலாவிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவை கவலைப்படுவதில்லை. வங்கி ஒப்புதல் எப்படியும் கைப்பேசிக்குத்தான் வருகிறது. ஜூமுக்கு லினக்ஸ் செயலி உண்டு. டீம்ஸை உலாவியில் திறக்க வேண்டும். ஓய்வுபெற்ற தம்பதிக்கும் கல்லூரிப் பிள்ளைக்கும், பாடக் குறிப்பு எழுதும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் பெரும்பாலும் இவ்வளவுதான் தேவை. ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் வேண்டுமென்றால் மாறாதீர்கள். வீட்டுப் பையன் வாலரன்ட் என்ற கணினி விளையாட்டை ஆடுகிறவன் என்றாலும் வேண்டாம்; அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது.

வேர்ட் கோப்புகளை, மின்ட்டோடு இலவசமாக வரும் லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் திறக்கும். பக்க அமைப்பு கலைவதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்துருதான். கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலடியா என்று அதே அகலமுள்ள மாற்று எழுத்துருக்கள் இருப்பதால் ஆங்கில, மலாய்க் கோப்புகள் அவ்வளவாக நகர்வதில்லை. தமிழில்தான் சிக்கல். லதா, விஜயா என்ற விண்டோஸ் எழுத்துருக்களில் செய்த கேள்வித்தாளைத் திறந்தால் லினக்ஸில் அவை இருக்காது. நோட்டோ தமிழ் வந்து உட்காரும், அதன் அகலம் வேறு. இரண்டு பக்கக் கேள்வித்தாள் மூன்றாம் பக்கத்துக்கு வழியும், அட்டவணைக்குள் இருந்த சொல் உடையும். மற்றவர்களுக்கு அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதுதான் பாதுகாப்பு. சேர்ந்து திருத்த வேண்டிய கோப்பு என்றால், இரு பக்கமும் நோட்டோ தமிழையே நிறுவிக்கொள்ளுங்கள். விண்டோஸிலும் அது இலவசம்.

லிப்ரே ஆஃபிஸில் பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் இன்னொன்று, அது ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தனித்தனி எழுத்துரு அமைப்பு வைத்திருப்பது. தமிழை அது 'சிக்கலான உரை அமைப்பு' என்ற பிரிவில் சேர்த்திருக்கிறது. விருப்பங்களில் மொழி அமைப்புக்குப் போய் அந்தப் பிரிவைத் திறந்து தமிழைத் தேர்ந்தெடுத்து, பிறகு அதற்கான இயல்பு எழுத்துருவையும் வைத்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அங்கே இயல்பாக ஒரு தேவநாகரி எழுத்துரு இருக்கக்கூடும். தமிழ் எழுத்துகள் எங்கிருந்தோ கடன் வாங்கிய வடிவில் வந்து நிற்கும். ஒருமுறை சரிசெய்தால் போதும்.

தட்டச்சைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, ஆங்கில எழுத்தொலியில் தட்டும் ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு முறை, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் பட்டியலில் வரும். நிறுவியபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும். அதைச் செய்யாமல் "தமிழ் வரலையே" என்று கைவிடுகிறவர்களே அதிகம். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும். தமிழ்99 பழகிய கைக்கு வித்தியாசமே தெரியாது. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளின் ஒலிபெயர்ப்பு பழகியவர்களுக்கு மட்டும் எம்17என்-இன் ஒலிபெயர்ப்பில் சில எழுத்துகள் வேறு விசையில் இருப்பது இரண்டு வாரம் இடறும். தமிழ்க் கணிமையில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் தொடங்கி 2001-இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு வரை மலேசியாவுக்கு ஒரு வரலாறு இருப்பதால், இங்கே பலருடைய விரல்கள் அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவை. பழக்கத்தை மாற்றப் பிடிக்கவில்லை என்பதும் மாறாமலிருக்க நியாயமான காரணம்தான்.

உண்மையான முட்டுக்கட்டை, ஒருங்குறி (யூனிகோடு) என்ற பொது எழுத்துக்குறி முறைக்கு முந்திய கோப்புகள். பட்டர்வொர்த்திலும் செந்தூலிலும் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா அறிக்கை, நினைவஞ்சலி அட்டை அடிக்கிற அச்சகங்களில் பக்க வடிவமைப்பு மென்பொருள்களான பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் இருபது ஆண்டு வேலை சேர்ந்து கிடக்கும். அந்த எழுத்துருக்களில் 'க' இருக்க வேண்டிய இடம் கணினிக்கு ஓர் ஆங்கில எழுத்தாகவோ ஏதோ ஒரு குறியாகவோதான் தெரியும். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் போட்டுவிட்டால் பழைய உரை கண்ணுக்குத் தமிழாகவே தெரியும்; அந்த எழுத்துருவுக்கென்று இருக்கும் விசைப்பலகை மென்பொருளும் பேஜ்மேக்கரும் வராது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் என்ற இடைத்தளத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்பார்கள். பார்க்கலாம், நாளைக்குக் கொடுக்க வேண்டிய பத்திரிகையை வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. அச்சகக்காரர்களுக்கு என் யோசனை, அந்த விண்டோஸ் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அச்சு வேலைக்கென்றே வைத்துக்கொண்டு, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் தனியாக ஒரு லினக்ஸ் கணினி. இரண்டுக்கும் நடுவே ஒரு பென்டிரைவ் போதும்.

கணக்கு மென்பொருளும் இதே வகை. இங்கே சிறு கடைகளும் கணக்கர்களும் அதிகம் பயன்படுத்தும் எஸ்கியூஎல் அக்கவுன்ட், ஆட்டோகவுன்ட் இரண்டும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்த மின் விலைப்பட்டியலை (இ-இன்வாய்ஸ்) இந்த மென்பொருள்கள் வழியாகத்தான் பலர் அனுப்புகிறார்கள். மாதத்துக்குப் பத்து விலைப்பட்டியல் போடுகிற சிறு வணிகர் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தை உலாவியில் திறந்து கையாலேயே பதியலாம்; அவருக்கு விண்டோஸ் கட்டாயமில்லை. நாளுக்கு ஐம்பது போடுகிறவர் விண்டோஸ் 11 ஓடும் புதுக் கணினி வாங்குவதுதான் சிக்கனம்.

இப்போது பிரிண்டர். வைஃபை உள்ள, கடந்த பத்தாண்டுக்குள் வந்த, ஏர்பிரின்ட் ஆதரவு என்று பெட்டியில் போட்டிருக்கும் எதுவும் பெரும்பாலும் தானாகவே பட்டியலில் வந்து நிற்கும். டிரைவர் என்கிற இயக்கு மென்பொருளைத் தேட வேண்டாம். யூஎஸ்பி கம்பி மட்டும் உள்ள மலிவு வகைகள்தான் பிரச்சினை. எப்சன் எல் வரிசை மைத்தொட்டிப் பிரிண்டர்களில் பலவற்றுக்கு இஎஸ்சிபிஆர் என்ற டிரைவர் மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். பிரதர் தன் தளத்திலேயே லினக்ஸ் டிரைவர்களைத் தருகிறது. எச்பிக்கு எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு உண்டு. சில லேசர் வகைகள் அதற்கு மேல் ஒரு தனிச் செருகுநிரலையும் கேட்கும். அலுவலகங்களில் சாகாவரம் பெற்று வாழும் கேனன் எல்பிபி2900 போன்ற கேப்ட் வகை லேசர் பிரிண்டர்கள்தான் மிக மோசம். டிரைவர் இருக்கிறது என்று சொல்வார்கள். 32-பிட் காலத்து மிச்சமான அதை இன்றைய அமைப்பில் ஓடவைப்பதற்குள் ஒரு வார இறுதி போய்விடும். அதோடு, அச்சு வருகிறது என்பதால் ஸ்கேனும் வரும் என்று நினைக்க வேண்டாம். ஸ்கேனருக்குத் தனித் தொகுப்பு தேவைப்படலாம். மைத்தொட்டி அளவைத் திரையில் காட்டும் விண்டோஸ் செயலியும் இருக்காது. தொட்டியைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் நம்பிக்கையில் விடாமல் நிறுவாமலேயே சோதிக்க முடியும் என்பதுதான் லினக்ஸின் பெரிய வசதி. மின்ட் தளத்திலிருந்து ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்குங்கள். தளத்தில் தந்திருக்கும் 64 எழுத்துச் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள்; பாதியில் கெட்டுப்போன இறக்கம், நிறுவும்போது எழுபது விழுக்காட்டில் நின்றுவிட்டு காரணம் சொல்லாது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் பலீனா எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு எழுதுங்கள். பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழியும். கணினியை மறுபடி தொடங்கும்போது, பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லும் பட்டியலைத் திறக்க, டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அந்த விசையைப் பயாஸுக்குள் போய் முதலில் இயக்கிவைக்க வேண்டும்.

திரை வந்ததும் வேகத்தை எடைபோடாதீர்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவது மெதுவாகத்தான் இருக்கும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டரைச் செருகி ஒரு தாள் அச்சிட்டு, ஒரு தாள் ஸ்கேன் செய்யுங்கள். வங்கித் தளத்தில் நுழைந்து வெளியேறுங்கள். கைரேகை உணரி வேலை செய்யாவிட்டால் வியப்படையாதீர்கள். பல மாடல்களுக்கு டிரைவரே இல்லை. வைஃபை வரவில்லை என்றால், பிராட்காம் சில்லுகளில் இது சகஜம், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து இணையத்தைப் பகிருங்கள். அந்த இணைப்பு டிரைவர் இல்லாமலேயே வரும். அதன் வழியாக டிரைவர் மேலாளரைத் திறந்து வைஃபைக்கு வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம்.

நிறுவும் படியில் பலர் தேர்ந்தெடுப்பது ஒரே வட்டில் விண்டோஸும் லினக்ஸும் அருகருகே. "இரண்டும் இருக்கட்டுமே" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. சாதாரணப் பயனருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸின் வேகத் தொடக்க வசதி அணைக்கப்படாவிட்டால், அது முழுமையாக மூடாமல் உறங்கப்போகும். லினக்ஸிலிருந்து விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியைத் திறந்தால் படிக்க முடியும், எழுத முடியாது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் திருத்தம், செக்யூர் பூட் வழியாக இரட்டைத் தொடக்கம் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் செய்தது. அப்புறம் கடிகாரம். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாக வைத்துக்கொள்ளும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துப் படிக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மதியம் மூன்று மணி காலை ஏழு மணியாகியிருக்கும், சரியாக எட்டு மணி நேரம் பின்னால். தீபகற்ப மலேசியா 1981 இறுதி வரை வைத்திருந்த பழைய நேரமாக இருந்தால் ஏழரை பிடித்திருக்கும், எட்டோடு போயிற்று. நேரம் தவறினால் வாட்ஸ்அப் வெப் முரண்டு பிடிக்கும், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எச்சரிக்கையும் எழும்பலாம். டைம்டேட்சிடிஎல் கட்டளையால் லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிச் சரிசெய்யலாம். ஆனால் இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருக்க விருப்பமுள்ளவர் சாதாரணப் பயனர் இல்லையே.

இதைவிட எளிய வழி, புதிய எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் பழைய வட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, அதில் லினக்ஸ் மட்டும் நிறுவுவது. 2.5 அங்குல சாட்டா வகையா, எம்.2 வகையா என்று கழற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள், எம்.2-விலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு உண்டு. நிறுவல் திரை வட்டையே காட்டவில்லை என்றால் பயாஸில் சேமிப்பு முறை இன்டெல் ஆர்எஸ்டியில் இருக்கக்கூடும், ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். பழைய வட்டை மீண்டும் மாட்டும் நாள் வந்தால் அதை முன்பிருந்த முறைக்கே திருப்ப வேண்டும் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வட்டின்மேல் ஒட்டிவிடுங்கள். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் என்விடியா வரைகலைச் சில்லுக்கு டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று சில நொடிகள் வரும். அங்கே சாவியைப் பதிவு செய்யும் வரியைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் 'தொடர்க' என்று அழுத்தினால் டிரைவர் ஏறாது.

முதல் நாளே மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியை இயக்கிவிடுங்கள். திருத்தம் ஒன்று எதையாவது கெடுத்தால் நேற்றைய நிலைக்குத் திரும்ப அது உதவும். ஆனால் அது காப்பது அமைப்பைத்தான்; உங்கள் படங்களையும் ஆவணங்களையும் இயல்பாகத் தொடுவதில்லை. அவற்றுக்குத் தனி வெளிவட்டு வேண்டும்.

கழற்றிய விண்டோஸ் வட்டை மூன்று மாதமாவது அலமாரியில் வையுங்கள். கழற்றுவதற்கு முன் இரண்டு காரியம். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் கோப்புறையில் மேகக்குறி போட்ட கோப்புகள் உண்மையில் வட்டில் இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவற்றை முழுமையாக இறக்கிக்கொள்ளுங்கள். வட்டையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். பல லேப்டாப்களில் யாரும் கேட்காமலேயே இயங்கியிருக்கும். அப்படியிருந்தால் அணைத்துவிடுங்கள், அல்லது 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேறு கணினியில் அந்த வட்டைச் செருகினால் அது முதலில் கேட்கப்போவது அந்த 48 இலக்கத்தைத்தான். அதை அதே வட்டுக்குள்ளேயே சேமித்து வைத்துவிடாதீர்கள்.